மண் ரோட்டுக்கு ஏற்ற ஹேண்டில்

பதுளையிலிருந்து லுணுகலை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எங்க வீட்டுக்காரரு சைக்கிளுக்கு ஹேண்டில் மாத்தியிருக்காருக்கா. ஆட்டுக்கொம்பு மாதிரி கீழ வளைஞ்சு, ரெண்டு பக்கமும் விரிஞ்சு இருக்கு.”

“எதுக்காம்?”

“வேலைக்குப் போகவும் ஆகுமாம். மண் ரோட்டுல கைய அகட்டிப் பிடிச்சா சைக்கிள் ஆடாதாம்.”

“தோட்டத்து லயத்து வீட்டுலருந்து டவுன் வரைக்கும் தார் ரோடுதானே. அவரு எந்த மண் ரோட்டுல போறாரு?”

“அதத்தான் நானும் யோசிக்கிறேன். நேத்து டயரு பூரா செம்மண்ணு.”



“எங்க வீட்டுக்காரரும் அந்த மாதிரி ஹேண்டில்தான் வேணுங்கிறாரு” என்றாள் மூத்தவள்.

லுணுகலைக்கு டிக்கெட் எடுத்திருந்தவர்கள், செம்மண் ரோடு பிரியும் இடத்திலேயே இறங்கிவிட்டார்கள். குனிந்து டயர் தடம் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.