திரைக்கு முன்னால் நின்ற கோதண்டம்

கூட்டத் தலைவர் சுப்புராயன் அவர்களே, கணவரை இழந்த துயரோடு வந்து அமர்ந்திருக்கும் செல்லம்மா அம்மையே, துறைமுக வேலை முடிந்து கரித்தூசியைக்கூடக் கழுவாமல் வந்திருக்கும் தோழர்களே,

இந்த ஆண்டில் நான் பேசும் மூன்றாவது இரங்கல் கூட்டம் இது. களைத்துவிட்டேன். நல்லவர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் படவிளக்கம் கோதண்டம் அவர்கள் எனக்கு நெடுங்காலம் நல்லவராக இருந்ததில்லை. அதை மறைத்துப் புகழ்ந்தால் அது அவருக்கு மரியாதையா?

ராயபுரம் டெண்டுக் கொட்டகையில் சேரிக்காரர்களான நமக்கு இடம் எது என்று உங்களுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால். படம் ஊடுருவித் தெரிவதற்காகத் திரையை நனைப்பார்கள். அந்தத் தண்ணீர் நம் தலையில் சொட்டும். பின்னாலிருந்து படம் இடவலம் மாறித் தெரியும்; நாம் பார்த்த மனிதர்கள் எல்லோரும் இடது கையால் சாப்பிட்டார்கள். முன்பக்கம் கோதண்டம் பிரம்போடு நின்று ஊமைப்படத்துக்குக் கதை சொல்வார். திருடன் வந்தால், "பாருங்க, பின்னாடி குந்திகினு கீறவன் எழுந்து வந்துட்டான்" என்பார். முன்பக்கம் சிரிக்கும்.

ஒருமுறை கப்பல் படம் ஒன்று வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் தலைவன். கரி தள்ளும் கறுப்பு மனிதன் தொட்ட தண்ணீரைக் கடலில் கொட்டுகிறான். அவனைக் கரிக்குவியல்மேல் படுக்க வைக்கிறான். கப்பலில் தீப்பிடிக்கிறது. அந்தக் கறுப்பு மனிதனே அவனை இழுத்துவந்து காப்பாற்றுகிறான். கண்ணில் கட்டுப் போட்டிருக்கும் தலைவனுக்கு ஒரு கை தினமும் தண்ணீர் கொடுக்கிறது. கட்டை அவிழ்த்தபோதுதான் அது யார் கை என்று பார்க்கிறான். முகம் சுருங்குகிறது. நெடுநேரம் பார்க்கிறான். பிறகு அதே குவளையை வாங்கிக் குடித்துவிட்டு ஏதோ சொல்கிறான். திரையில் இங்கிலீஷ் எழுத்து வந்தது.

கோதண்டம் விளக்கம் சொன்னார்: "துரை அவனை மன்னிச்சுட்டாரு."

இங்கிலீஷ் பேச்சு துறைமுகத்தில் காதில் விழுந்து பழகியது; எழுத்தை நான் கற்றதே அந்தத் திரையின் பின்புறத்தில்தான். இடவலம் மாறிய எழுத்தாகத்தான் எனக்கு முதலில் பழக்கம். எழுந்து கத்தினேன். "யோவ், துரை எங்கய்யா மன்னிச்சாரு? அவருதான் மன்னிப்பு கேக்கறாரு. ஒழுங்காப் படி."

கோதண்டத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தைப் பார்த்து அவராக ஊகித்ததைத்தான் அத்தனை வருஷமும் சொல்லியிருக்கிறார். இடைவேளையில் பின்னால் வந்தார். அந்தப் பக்கம் அவர் கால் வைத்தது அதுதான் முதல்முறை.

"இன்னா எழுதிகீது, நெசமாச் சொல்லு."

சொன்னேன். கேட்டுக்கொண்டு முன்பக்கம் திரும்பிப் போனார்.

மறுநாள் அதே இடத்தில், "துரை மன்னிப்பு கேக்கறாரு" என்றார். முன்வரிசையில் ஒருவன், "இன்னாய்யா, துரை போயி கரிக்காரன் கிட்ட கெஞ்சுவாரா? கலீஜா கீதே கதை" என்றான். "எழுதிகீது, சொல்றேன்" என்றார் கோதண்டம். முதலாளி மாற்றிச் சொல்லச் சொன்னார். மூன்று நாளும் மாற்றவில்லை. நான்காம் நாள் வேலை போயிற்று.

பிரம்பு பிடித்த கை நம்மோடு கரிக்கூடை பிடித்தது. படத்தில் ஒருவன் திருந்த ஒரு குவளைத் தண்ணீர் போதும். இவருக்கு நாலு வருஷக் கரி தேவைப்பட்டது. நான் அப்போதும் அவரோடு பேசவில்லை.

போன மாதம் ஒரு மனு எழுதிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கொட்டகைத் திரையைப் பின்பக்கத் தட்டிச் சுவரோடு ஒட்டிக் கட்ட உத்தரவிட வேண்டும், அதற்குப் பின்னால் ஒருவரும் உட்கார இடமே இருக்கக்கூடாது, எல்லோரும் முன்பக்கமே உட்கார வேண்டும் என்று சர்க்காருக்கு மனு.

"அண்ணே, உன் கையெழுத்து வோணும்."

"மேல உன் பேரு கீது. அதுக்குக் கீழ நான் எழுதணுமா? பின்னாடி குந்தவெச்சது பத்தலியா?"

"உன் பேரை மேல போட்டு வேற எழுதியாறேன்."

"ஒண்ணும் வோணாம். போ."

மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அனுப்பினேன். நான் போடாததால் நம் புளியந்தோப்பில் ஒருவரும் போடவில்லை. போன செவ்வாய்க்கிழமை அவர் கூடையோடு கப்பலில் ஏறும்போது பலகை சறுக்கிவிட்டது; விழுந்தவர் எழவில்லை.

மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அந்தப் படம் காட்டியது. கேட்டு வந்தவரை வாசலில் நிறுத்தியவன் என்ன செய்ய வேண்டும்? அதை எந்தப் படமும் எனக்குக் காட்டவில்லை.

செல்லம்மா அம்மை மனுவைக் கொண்டுவந்திருக்கிறார். வேறு எழுத வேண்டாம். அவர் பெயர் மேலேயே இருக்கட்டும். தலைவர் அவர்களே, பேனாவைக் கொடுங்கள், கீழே நான் எழுதுகிறேன். எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம். திங்கட்கிழமை காலையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். திருப்பி அனுப்பினால் செவ்வாய்க்கிழமையும் போவேன்.