ஒரு சுற்றுச் சின்னது

வாரம் முழுவதற்கும் ஒரே நாளில் சமைத்து வைக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கோட்டை விடுவது டப்பாவில்தான். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிடுவார்கள். அப்புறம் மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் ஒரே அளவாக, ஒரே மாதிரி மூடியாக வாங்க வேண்டும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் டப்பாவிலிருந்து சொல்கிறேன்.

எனக்குப் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிற வேலை. என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட பிறகுதான் சமையலறைப் பக்கமே போனேன். அதுவரை வெந்நீர் வைக்கக்கூட அவளைத்தான் கூப்பிடுவேன். அவள் விழுந்ததில் எனக்குப் பங்கில்லை. அது வெறும் சோப்புத் தண்ணீர். ஆபரேஷன் முடிந்து வந்த அன்று, லிஃப்ட் இல்லாத எங்கள் மாடிக்கு அவளை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு ஆட்கள் தூக்கி வந்தார்கள். கட்டிலில் கிடத்துவதற்குள் அவர்களுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. நல்ல தாட்டியான உடம்பு அவளுக்கு.

அன்று சாயங்காலம் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கால் சரியாகட்டும். நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். விழறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். இதுக்காகச் சண்டையெல்லாம் வேண்டாம்."

நான் சண்டை போடவில்லை. எங்களுக்குள் சண்டையே கிடையாது, பேச்சே கிடையாது என்பதுதான் அவள் குறை. "முதல்ல கால் சரியாகட்டும்" என்று நானும் சொன்னேன். அவள் இல்லாத அந்த வீட்டை நினைத்துப் பார்த்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "எலும்பு கூடணும்னா சாப்பாடுதான் முக்கியம். முட்டை, பால், பருப்பு, கோழி எல்லாம் குடுங்க. வயிறாரச் சாப்பிடட்டும்."

வீட்டில் நான் சொன்னது வேறு. "உடம்பு கனம் கூடக்கூடாதாம். கனம் கூடினா எலும்பு தாங்காதாம். வாயைக் கட்டணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டார்."

"அதுவும் சரிதான்" என்றாள். அவள் என்னை நம்பினாள். நான் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

கால் கூடாத வரைக்கும் அவள் எங்கேயும் போக முடியாது. நான் நினைத்தது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் காய் நறுக்கி, சோறு வடித்து, எல்லாவற்றையும் நன்றாக ஆறவிடுவேன். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து ஊசிப்போகும். ஆறியதும் டப்பாக்களில் போட்டு, மூடியில் கிழமை எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் அடுக்குவேன். வேலைக்குக் கிளம்பும்போது அன்றைய டப்பாவைச் சூடாக்கிக் கட்டிலோரம் வைத்துவிட்டுப் போவேன். முதலில் முட்டையை நிறுத்தினேன். பிறகு கோழி. பருப்பு தண்ணீராகிக்கொண்டே வந்தது. பாலும் அப்படித்தான்.

வெள்ளைப் பெயிண்டில் ஒரு சொட்டுக் கறுப்பு விட்டால் அது வெள்ளையாகத்தான் தெரியும். இன்னொரு சொட்டு விட்டாலும் அப்படித்தான். பழைய வெள்ளையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். வீட்டில் யார் அப்படி வைத்துப் பார்க்கிறார்கள்?

அந்த டப்பாவையே ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி பல அளவில் விற்கிறார்கள். ஒரு சுற்றுச் சின்னதாக இன்னொரு செட் வாங்கினேன். அதே நீல மூடி. கொஞ்ச நாள் கழித்து அதற்கும் ஒரு சுற்றுச் சின்னது. பழசைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பெயிண்ட் கலக்க வைத்துக்கொண்டேன். டப்பாவில் பாதி போட்டால் கேள்வி வரும். நான் எப்போதும் மூடியில் இடிக்கிற மட்டும் நிறைத்துத்தான் வைத்தேன். அதில் ஒரு நாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

கீழ் வீட்டு அக்கா ஒரு தடவை கிண்ணத்தில் சூப் கொண்டுவந்தார். டாக்டர் பெயரைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். போகிறபோது ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து அசந்துபோனார்.

"எங்க வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்த மாட்டார். நீ கொடுத்து வச்சவம்மா."

"ஆமாக்கா. ஒரு சுத்து இளைச்சிருக்கேன் பாருங்க. டாக்டருக்குத்தான் சந்தோஷமா இருக்கும்" என்று என் மனைவி சிரித்தாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாங்கள் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். சாயங்காலம் வந்து அவளுக்குத் தலை வாரிவிடுவேன். சீப்போடு முடி கொத்தாக வரும், அதைச் சுருட்டி வெளியே எறிந்துவிட்டு வருவேன். கடையில் நடந்ததைச் சொல்வேன், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அண்ணன் போன் செய்தால், "களைப்பா இருக்குண்ணா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். போவதைப் பற்றிய பேச்சே இல்லை.

ஒருநாள் காலி டப்பாவை விரலால் வழித்துக்கொண்டே கேட்டாள். "இப்ப கனம் குறைஞ்சிருக்கும்ல? இன்னும் ஒரு வாய் கூட்டிக்கலாமான்னு டாக்டரைக் கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்கிறேன் என்றேன். மறுநாள் வேலை முடிந்து வந்து, "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொன்னார்" என்றேன்.

"சரி" என்றாள்.

வீட்டுக்கே வந்து எக்ஸ்ரே எடுக்கிற ஆளைக் கூப்பிட்டுப் படம் எடுத்தேன். எலும்பு கூடவில்லை. டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாகச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். "சமைச்சு அடுக்கி வச்சுட்டுத்தான் டாக்டர் வேலைக்கே போறேன்" என்றேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கினேன். அவை கடையில் என் மேஜை டிராயரில் பிரிக்காமல் இருக்கின்றன, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு அவளுக்குச் சளி பிடித்தது. சளி காய்ச்சலாகி நெஞ்சில் இறங்கியது. நான் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், தாமதிக்கவில்லை. அத்தனை படியும் நான் ஒருவனே அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். எனக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

அவள் அண்ணன் வந்தார். மாற்றுத்துணி எடுத்துவர எங்கள் வீட்டுக்குப் போனவர், திரும்பும்போது கையில் ஒரு டப்பாவோடு வந்தார்.

"மாப்பிள்ளை, இது யாருக்கு? வீட்ல கைக்குழந்தை ஏதாவது இருக்கா?"

அவர் தங்கையிடம் விசாரித்துவிட்டு, நேராக அவள் காலுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனார். டாக்டர் என்னிடம் சொன்னதும் நான் அவளிடம் சொன்னதும் அந்த அறையில் வைத்துத்தான் முதல்முறையாக ஒன்றாகப் பேசப்பட்டன.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தெரிந்தேதான் செய்தேன். அவள் கால் கூடிவிடக் கூடாது என்று அவள் சாப்பாட்டைக் குறைத்தேன். பட்டினி போட்டுத்தான் அவளைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வார்த்தையை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று நர்ஸ் வெளியே வந்து "போயிட்டாங்க" என்றார். அவள் அண்ணனும் தலையில் அடித்துக்கொண்டு "போயிட்டாளே" என்றுதான் அழுதார். இதோ, இங்கே எழுதிக்கொண்டிருப்பவரும் அப்படித்தான் சொல்கிறார். அதைத் திருத்தச் சொல்லுங்கள். அவள் போகவில்லை. கடைசி வரைக்கும் என்னோடுதான் இருந்தாள்.