கடைசி வரியில் எங்கள் பெயர்

அவையைத் தலைமையேற்று நடத்தும் மருத்துவர் அம்மா அவர்களே, கண்டும் கற்றும் கனிந்த பெரியோர்களே, எட்டு நாடுகளிலிருந்து வந்து எங்களோடு ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் ஸ்கேன் அறை உறவுகளே, எல்லாருக்கும் மேலாக, மடியில் பிள்ளையும் பையில் பழைய படங்களுமாக வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த மருத்துவமனையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. ‘கண்ணாடி’ என்றால்தான் தெரியும். பின்வரிசையில் என்னோடு வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள், அவர்கள் வைத்த பெயர்தான். நான் எடுக்கும் ஸ்கேன் படம் அவ்வளவு தெளிவாக இருக்குமாம். பதினான்கு ஆண்டுகள் அந்தப் பெயரைப் பதக்கம் போலச் சுமந்தேன். அதை எப்படிக் கழற்றி வைத்தேன் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. தலையில் நீர் சேரும் நோய். நீரை வடிக்க உள்ளே மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். வாந்தி வந்தால், தலைவலி வந்தால், குழாய் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பத்தாவது முறை அவள் வந்தபோது அவளுடைய அம்மா என்னை நிறுத்திக் கேட்டார்.

“ஏங்க, இத்தனை தடவை எடுக்கறோமே, பிள்ளைக்கு ஒன்னும் ஆகாதுல்ல?”

“ஒன்னும் ஆகாதும்மா. கொஞ்சம் தள்ளிக்குங்க, கதவைச் சாத்தணும்.”

எந்த எண்ணைப் பார்த்துச் சொன்னேன்? எந்த ஏட்டைப் புரட்டிச் சொன்னேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அடுத்த மாதம் ஒரு கடிதம் வந்தது. எட்டு நாடுகளின் மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து ஆண்டுதோறும் ஒரு பட்டியல் போடுகின்றன. குழந்தைக்கு ஒரு ஸ்கேனில் எவ்வளவு கதிர்வீச்சு கொடுக்கிறீர்கள் என்று எல்லாரும் எழுத வேண்டும், எல்லாரும் எல்லாருடையதையும் பார்க்க வேண்டும். குறைவாகக் கொடுப்பவர் மேலே, கூடுதலாகக் கொடுப்பவர் கீழே. மற்றவர்கள் எழுதியதும் கூடவே வந்திருந்தது. எங்கள் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர்கள் ஒரு பங்கு, நாங்கள் மூன்று பங்கு.

இயந்திரம் வந்த நாளில் வளர்ந்தவர்களின் தலைக்கு என்று வைத்த அளவைக் குழந்தைகளுக்காக யாரும் மாற்றவே இல்லை. கதிர் கூடினால் படம் தெளியும்; ஊரே மெச்சிய என் தெளிவு அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

எங்கள் பிரிவுத் தலைவர் நல்லவர்தான். அவரும் மனிதர்தானே? “ரொம்ப அதிகமா இருக்கறத அடிச்சிட்டு அனுப்புங்க. யாரு வந்து பாக்கப் போறா?” என்றார். பேனாவை எடுத்தேன். ஒரு ஸ்கேனுக்கு ஒரு வரி; அடிக்க வேண்டிய வரிகளில் பத்து வரி அந்த ஒரே சிறுமியுடையது. அடித்தால் பட்டியல் அழகாகும். அவள் இல்லாமல் போவாள். ‘ஒன்னும் ஆகாதுல்ல’ என்ற குரல் காதிலேயே நின்றது. பேனாவை மூடினேன். உள்ளது உள்ளபடி அனுப்பினேன். நாற்பத்தொரு மருத்துவமனைகளில் கடைசி வரியில் எங்கள் பெயர் வந்தது.

திட்டு வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஒரு சிறு கடிதம். “போன ஆண்டு கடைசி வரி எங்களுடையது. எந்தெந்த அளவை மாற்றினோம் என்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.” எழுதியவர் கடல் கடந்த ஊரில் என் வேலையையே செய்யும் அம்மையார். இதோ, மேடையின் ஓரத்தில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கிறார். கை தட்டுங்கள், தகும்.

ஆறு வயதுப் பிள்ளையின் தலை அங்கே ஒன்று, இங்கே ஒன்றா? எலும்பு வேறா, இரத்தம் வேறா? அங்கே ஒரு பங்கு போதுமென்றால் இங்கே மட்டும் ஏன் மூன்று பங்கு? நாடுகளின் ஒத்துழைப்பு என்றால் கொடிகளும் கைகுலுக்கல்களும் என்று நினைத்திருந்தேன். தன் தவறான எண்ணைத் தயங்காமல் காட்டுவதும், காட்டியவரைக் கைவிடாமல் இருப்பதும்தான் அது என்று இப்போது நினைக்கிறேன்.

பதினோராவது முறை அந்தச் சிறுமி வந்தாள். அளவை மூன்றில் ஒன்றாக்கி எடுத்தேன்.

“என்ன கண்ணாடி, படம் மங்கலா இருக்கு?” என்றார் அறுவை மருத்துவர்.

“குழாய் தெரியுதா டாக்டர்?”

“தெரியுது.”

“அடைப்பு இருக்கா?”

“இல்ல. அதுவும் நல்லாவே தெரியுது.” சற்று நேரம் படத்தையே பார்த்தார். “போதும்யா. இனிமே இப்படியே எடு.”

தாய்மார்களே, பயந்துபோய் ஸ்கேனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தேவையான அளவு உயிரைக் காக்கும். தேவைக்கு மேல் கொடுத்ததால் பிழைத்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

அந்தத் தாயிடம் போன வாரம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதிரால் பின்னாளில் புற்றுநோய் வரும் ஆபத்து மிகச் சிறியது என்கிறார்கள் டாக்டர்கள்; ஆனால் சிறியதை இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சொன்னார்:

“எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? அன்னிக்கு ஸ்கேன் ரூம் வாசல் பெஞ்சில என்கூட எத்தனை பேரு உக்காந்திருந்தாங்க? அவங்களுக்கும் சொல்லுங்க.”

அதனால்தான் இந்த மேடையில் ஏறினேன். வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். உங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதுவரை கொடுத்த அளவைத் தாளில் எழுதி வைத்திருக்கிறோம். வாங்கிக்கொள்ளுங்கள், எந்த நாட்டுக்குப் போனாலும் காட்டுங்கள், கேள்வி கேளுங்கள். மேசைக்குப் பின்னால் நான்தான் உட்கார்ந்திருப்பேன். இந்த முறை எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பெஞ்சிலிருந்து என்னை மேடைக்கு அனுப்பிய அந்தத் தாய்க்கும் நன்றி. வணக்கம்.