கழுதைப்பாலுக்குப் போன செம்பு

குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் போகும் பஸ். சாரலுக்காகப் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் ஒருத்தி மடியில் காலிச் செம்போடு இருந்தாள். பக்கத்தில் இருந்த மூத்தவள் அவளுக்கு முன்பின் தெரியாதவள்.

"தென்காசியில கழுதைப்பால் எங்கனக்கா கெடைக்கும்?"

"யாருக்கும்மா?"

"தம்பி பிள்ளைக்கு. ஏழு மாசத்துலயே பொறந்துட்டு. பதினஞ்சு நாளாச்சு. கையும் காலும் குச்சியா இருக்கு, வயிறு மட்டும் நல்லா உப்பிப் பளபளன்னு இருக்கு."

"பால் குடிக்குதா?"

"நேத்துலேர்ந்து குடிக்க மாட்டேங்கு. பச்சையாக் கக்குது. மாந்தம்னு எங்க அம்மை சொல்லுதா."

"வெளிக்குப் போனதுல ரத்தம் உண்டா?"

செம்புக்காரி கொஞ்சம் யோசித்தாள். "துணியில லேசா இருந்துது. சூடுன்னு விட்டுட்டோம்."

"மாந்தமும் இல்ல, சூடும் இல்ல. மாசம் நெறையாத பிள்ளைக்கு இப்படி வரும், குடலு அழுகிரும். வாயில ஒண்ணும் ஊத்தாம இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. நாளைக்குன்னு வச்சிராதீங்க."

வழியில் மேலகரத்தில் செம்புக்காரி இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடிப்போய் குற்றாலம் பஸ்ஸுக்கு நின்றாள். செம்பு சீட்டிலேயே கிடந்தது.

கண்டக்டர் அதை எடுத்துப் பார்த்தார். "கழுதைப்பாலுக்குன்னுல்லா தென்காசி டிக்கெட் எடுத்தாங்க. கெடைக்காதுன்னு சொல்லிட்டீங்களாம்மா?"

"கெடைக்கும் அண்ணாச்சி" என்றாள் மூத்தவள். "எங்க பிள்ளைக்குக் கெடச்சுது. அதைக் குடுத்துட்டு, ரெண்டு நாள் வீட்லயே பாத்துக்கிட்டு இருந்தோம்."