ஆறாம் நம்பர் பிரஸ்

குன்றத்தூரில் தண்ணீர் நன்றாக இருக்கும் ஐயா. கம்பெனி பஸ்ஸும் தெருமுனைக்கே வரும். அதனால்தான் கல்யாணமானதும் அங்கே வீடு பார்த்தேன். இரண்டாயிரத்து மூன்று ஜூனில் பேச்சிராஜ் வந்து இறங்கியதும் அந்த வீட்டுக்குத்தான்.

அவன் என் மனைவி சந்தனமாரியின் தம்பி. திருநெல்வேலியில் வயலின் படித்தவன். வாசித்தே பிழைக்க வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டான். எந்த ஊரில் என்பதில்தான் குழப்பம்.

“மெட்ராஸ்னா ஸ்டூடியோவுல நாப்பது பேர்ல ஒருத்தனா உக்காரணும் அத்தான். பெங்களூர்ல ஹோட்டல்ல தெனமும் வாசிப்பு இருக்காம். எது சரின்னு நீங்களே சொல்லுங்க.”

“அவசரப்படாத மாப்ள. எங்க கம்பெனியில ட்ரெய்னியா சேரு. ரெண்டு ஊரையும் போய்ப் பாரு. பெறவு முடிவு பண்ணலாம்” என்றேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம், காருக்குத் தகடு அடிக்கும் கம்பெனி. நான் பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். அவனைப் பேக்கிங்கில் போட்டேன். அங்கே சத்தம் கிடையாது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆறு வருஷமாகச் சாப்பிடும்போதுகூட நானும் சந்தனமாரியும் பேசிக்கொண்டதில்லை. அவன் வந்த பிறகு, சாயங்காலம் அவன் வாசிப்பான், அவள் காய் நறுக்கிக்கொண்டே கூடப் பாடுவாள். ஒருநாள் என்னைப் பார்த்தும் சிரித்தாள். அதை நான் இழக்க முடியாது. உங்களுக்குப் புரியும்.

தை மாதம் அவன் முடிவைச் சொன்னான். “மெட்ராஸ்தான் அத்தான். யாக்கோபு அண்ணன் வரச் சொல்லிட்டாரு. அங்கயே தங்க எடமும் பாத்துட்டாரு.” யாக்கோபு என்பவர் ஸ்டூடியோவுக்கு வயலின்காரர்களைச் சேர்த்துத் தருகிறவர். “ட்ரெய்னிங் முடியட்டும், இன்னும் ஒரு வருஷந்தானே, பாதியில விட்டா உங்க அக்காவுக்குச் சங்கடம்” என்றேன். அக்கா பேரைச் சொன்னால் கேட்டுக்கொள்வான்.

மறுவாரம் அவனை ஆறாம் நம்பர் பிரஸ்ஸுக்கு மாற்றினேன். அதுதான் ஷாப்பிலேயே பெரியது. அது தகட்டில் இறங்கும்போது பக்கத்தில் நிற்பவனுக்கு நெஞ்சு அதிரும்.

சத்தத்தைத் தடுக்கக் காதில் வைக்கும் இயர் பிளக்கை அவன் கேட்டான். ஸ்டாக் இல்லை என்றேன். ஒரு பெட்டி நிறைய என் மேஜை டிராயரில்தான் இருந்தது. அந்தப் பிரஸ்ஸில் நின்ற மற்ற பதினொரு பேருக்கும் கொடுக்கவில்லை. அவனுக்கு மட்டும் இல்லையென்றால் சந்தேகம் வரும் அல்லவா.

மூன்றாம் மாதம், “காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரியே இருக்கு அத்தான்” என்றான். எல்லாருக்கும் அப்படித்தான், பழகிவிடும் என்று சொன்னேன். ஆகஸ்டில் டாக்டர் எல்லாருக்கும் காது பரிசோதனை செய்தார். இவனை உடனே அங்கிருந்து மாற்ற வேண்டும் என்று எழுதி என்னிடம் கொடுத்தார். அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. இயர் பிளக் பெட்டிக்கு அடியில் வைத்தேன். எதையும் கிழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அடுத்த தையில் அவன் வயலினை எடுத்துக்கொண்டு போனான். துணைக்கு நானும் போனேன். யாக்கோபு இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னா தம்பி, சுதி வெலகிக்கினே போவுது. ஒனக்குக் கேக்கல?”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டான். நான் அவன் காதருகே குனிந்து சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தான். பூந்தமல்லி தாண்டியதும், “பெங்களூர் போயிருந்தா சரியா வந்திருக்குமோ அத்தான்?” என்றான். எந்த ஊருக்குப் போயிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று ஆறுதல் சொன்னேன். அவனுக்கு அப்போது அதுதான் தேவைப்பட்டது.

இப்போது அவன் எங்களுடனேயே இருக்கிறான். வேலையை நிரந்தரமாக்கிக் கொடுத்தேன். அடுத்த தெருவில் ஒரு பெண்கூடப் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஆறாம் நம்பரில் நிற்பதற்கு அவனே விரும்பிக் கேட்டதாக ஃபைலில் ஒரு கடிதம் இருக்கிறதே என்கிறீர்கள். அது நான் எழுதியது. போன மாதம், எங்கள் பிரஸ் ஷாப்பை நீங்கள் விசாரிக்க வருகிறீர்கள் என்று தெரிந்ததும் எழுதினேன். கையெழுத்து அவனுடையதுதான். நீட்டினேன், போட்டான். ஆனால் ஏமாற்றி வாங்கவில்லை ஐயா. அவன் பேனாவை எடுப்பதற்கு முன்னால், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, என் சாதாரணக் குரலில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டினேன்.