கருங்கல்லில் ஒரு தேதி

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் பட்டறை டீயில் கல்தூள் மிதக்கும்.

நான் கல்லறைக்கல் வெட்டுகிறவன். கருங்கல் மட்டும்தான் எடுப்பேன். உளி தேயும், அது தேயாது. மெருகேற்றினால் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஒரே குறை, அதில் வெட்டியது வெட்டியதுதான்.

என் மாமனார் தன் கல்லைத் தானே சொல்லிச் செய்துகொள்ள விரும்பினார். மற்றவர்கள் ரசனையில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"மாப்ளே, பேரு பெருசா இருக்கணும். தோற்றம்னு போட்டுப் பொறந்த தேதி. மறைவுன்னு போட்டுக் கீழ காலியா விட்டுடுங்க. அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"சரி மாமா."

"கல்லு வர்ற வெள்ளிக்கிழமை வேணும். பார்க்கச் சொந்தக்காரங்களக் கூப்பிட்டிருக்கேன்."

வேலை முடித்துக் கொடுக்க வேண்டிய தேதியைக் கல்லிலேயே சாக்கட்டியால் எழுதி வைப்பது எங்கள் வழக்கம். காலியாக இருந்த இடத்தில் எழுதினேன். மறுநாள் உளியை எடுத்தேன். சாக்கட்டிக் கோடு இருந்தால் கை அதன் மேல் போய்க்கொண்டே இருக்கும், கண் படிக்காது. தூளை ஊதிப் பார்த்தேன். மறைவு என்பதன் கீழே அந்த வெள்ளிக்கிழமை, வருடத்தோடு. எழுத்து அவ்வளவு அழகாக விழுந்திருந்தது, ஐயா.

ஒரு கீறல் இல்லாத பலகை. இழைத்தால் மெலிந்துவிடும். உடைக்க மனம் வரவில்லை. யோசித்தேன். கல்லைத் திருத்த முடியாது. மாமனார் அப்படியில்லை. வளைந்துகொடுக்கிற மனிதர்.

முதலில் முறையாகத்தான் கேட்டேன்.

"உடம்பு எப்படியிருக்கு மாமா?"

"குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"வெள்ளிக்கிழமை?"

"வெள்ளி, சனி, ஞாயிறு, எல்லாம் இப்படித்தான்."

அவர் ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கப்பா மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறையா?" என்றாள். அக்கறை இல்லாமல் என்ன?

இன்று காலை அவர் வீட்டு வாசற்படிகளுக்கு மெருகேற்றினேன். அதுவும் கருங்கல். மேலே லேசாக எண்ணெய். கல் வந்துவிட்டது என்று குரல் கொடுத்ததும் வேகமாக இறங்கினார். கடைசிப் படிவரை உட்கார்ந்தபடியே வந்தார். கால் முறிந்திருந்தது. அந்த நிலையிலும் படியைத் தடவிப் பார்த்து, "பாலிஷ் பிரமாதம் மாப்ளே" என்றார். பெரிய மனசு.

கொலை முயற்சி என்று எழுதுகிறீர்கள். அது கனமான வார்த்தை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, சொத்தும் வேண்டாம். பிழைதிருத்தம் என்று போட்டால் பொருத்தமாக இருக்கும்.

கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள், ஐயா. ஆஸ்பத்திரியில் எட்டு மணி வரைதான் பார்க்க விடுவார்களாம். வெள்ளிக்கிழமை இன்னும் முடியவில்லை.