தர்மிகாவின் முதல் சொய்ஸ்

...சும்மா விளம்பரம் அக்கா, இந்த ஸ்கொலர்ஷிப் எல்லாம். நீங்கள் கதைக்காதேங்கோ. கண்ணை மூடிக்கொண்டு புருவத்துக்கு மேல தோலை இழுத்துப் பிடியுங்கோ, நூல் வெட்டிப்போடும். உங்கட மகனும் எஞ்சினியரிங்குக்குத்தானே போடுறார்? அப்ப கேளுங்கோ.

பிள்ளையள் வந்து பாக்கிற ஓப்பன் டே, ஓப்பன் டே எண்டு நானும் என்ர மகள் தர்மிகாவும் ஏழு யூனிவர்சிட்டி ஏறி இறங்கினனாங்கள். எல்லா இடத்திலயும் ஒரு துணிப்பை, ஒரு பேனை, ஒரு சிரிப்பு. கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு ஏதும் உதவி இருக்கோ எண்டு கேட்டால், இன்னொரு பேனை தருவாங்கள். ஒரு இடத்தில நீந்துற பிள்ளைக்குக் குடுப்பினமாம். இன்னொரு இடத்தில சேர்ச்சில ஓர்கன் வாசிக்கிற பிள்ளைக்காம். எஞ்சினியரிங்குக்கு, அக்கா!

கடைசியா, இங்கிலாந்தின்ர வடக்கில ஒரு யூனி. ரெயின்ல மூண்டு மணித்தியாலம். அவங்கள் மட்டும் சோதனை மாக்ஸைப் பாத்து, வருசம் நாலாயிரம் பவுண்ஸ் தாறம் எண்டு எழுதினாங்கள். அறை வாடகையும் லண்டன்ல இருக்கிறதில பாதி. பாத்துப்போட்டுத் திரும்பி வரேக்கயே தர்மிகா அந்த மெசின் லாப்பைப் பற்றி வழி முழுக்கக் கதைச்சவள். வீட்டில வாய் திறக்காத பிள்ளை.

மற்றப் பக்கம் திரும்புங்கோ... ம்.

பிறகு சட்டன் பக்கம் சொந்தக்காரர் வீட்டில ஒரு பேர்த்டே பார்ட்டி. என்ர மச்சாள் பிரீத்தா, அவவின்ர மகன் லண்டன்ல பெரிய பேரெடுத்த இடத்தில படிக்கிறான், தர்மிகா எங்க போறாள் எண்டு கேட்டா. சொன்னன். "அது எங்க இருக்கு?" எண்டா. ஒருக்கா இல்லை, ரெண்டு தரம், மேசை முழுக்கக் கேக்க.

அந்த யூனியை முதல் சொய்ஸாப் போட்டால்தான் ஸ்கொலர்ஷிப். அவள் அப்பிடித்தான் நிரப்பி வைச்சவள், அனுப்புறது மட்டும் மிச்சம். சனிக்கிழமை அவள் ஷிப்டுக்குப் போனாப் பிறகு நான் லப்டொப்பைத் திறந்தன். அவள் ரெண்டாவதாப் போட்டிருந்த லண்டன் யூனியை மேல ஏத்தினன், அதைக் கீழ இறக்கினன், அனுப்பிப்போட்டன்.

ஸ்கொலர்ஷிப் இல்லை எண்டு கடிதம் வந்தபிறகுதான் அவளுக்குத் தெரியும். அந்த யூனிக்குப் போன் அடிச்சுக் கெஞ்சினவள். திகதி முடிஞ்சுதாம். இப்ப லண்டன்லதான் படிக்கிறாள். எங்கட ரெய்னர்ஸ் லேன் வீட்டில இருந்து விடிய வெளிக்கிட வேணும், சனி ஞாயிறு கடையில வேலை.

ஷிப்டுக்கு ஓடுற அவசரத்தில தான்தான் மாறி அமத்தி அனுப்பிப்போட்டன் எண்டு நினைக்கிறாள், அக்கா. நேற்றுச் சாப்பிடேக்க, "சொறி அம்மா, என்ர பிழையால உங்களுக்கு எவ்வளவு செலவு" எண்டாள்.

நான் என்ன சொன்னன் தெரியுமோ?

"பரவாயில்லை பிள்ளை, இனியாவது கவனமா இரு" எண்டு சொன்னன்.